ஒரு குடம் கடல் தண்ணீர்

இன்னாசி அண்ணன் வீட்டுச் சுவரைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அதில் ஒருவர்கூட அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆளுக்கொரு பாட்டில் கையோடு கொண்டுவந்தார்கள். சுவரைத் தடவித் தடவிப் பார்த்து 'அடடா' என்றவர்கள், அண்ணன் மனைவி சிலுவையக்கா நீட்டிய சொம்பை மட்டும் தொடவில்லை. இரண்டு தடவை நீட்டினாள். மூன்றாம் தடவை சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"செவுத்துல கீற கலீஜு இனிக்கிது. சொம்புல கீற தண்ணி கசக்குதாக்கும்" என்றாள் என்னிடம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் பாஸ்கர். திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கிற எண்ணூர் விரைவுச் சாலையில், கடலோரக் குப்பத்தின் முகப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு மனு, செத்தவர்களுக்கு அஞ்சலி போஸ்டர், எல்லாம் என்னிடம்தான். இந்தக் கதையில் நான் நல்லவன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி பாரமாவது இறங்கும் என்று நினைத்தேன். ஒரு மண்ணும் இறங்கவில்லை.

அந்த வீட்டை அண்ணன் தன் கையால் கட்டினார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், குடிசை எரிந்துபோன பிறகு, துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார். லாஷிங் என்றால் கப்பல் மேல்தளத்தில் கண்டெய்னர்களை இரும்புத் தடி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. இரும்பு தெரிந்தவனுக்குக் கான்கிரீட் தெரியாதா என்று ஒரு தெனாவெட்டு. சிமெண்ட் வாங்கியாயிற்று, கம்பி வாங்கியாயிற்று. மணலுக்கு எங்கே போவது? வாசலைத் திறந்தால் கிடக்கிறதே, கண்ணுக்கு எட்டிய மட்டும்! ஆற்று மணல் லாரிக்கு எவன் காத்திருப்பான் என்று கடல் மணலையே அள்ளி, இரண்டு அலசு அலசி, கலவையில் போட்டுவிட்டார். கடலோரத்தில் பிறந்தவன் மட்டுமே செய்கிற தப்பு அது. உப்பிலேயே வளர்ந்தவனுக்கு உப்பு கண்ணில் படாது.

பத்து வருடம் வீடு சமர்த்தாக நின்றது. பதினோராம் வருடத்து மழையில் சுவரில் உப்பு பூத்தது. முதலில் மாவு தூவினாற்போல வெள்ளையாக, பிறகு சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்தது. கூரைத் தளத்துக்குள்ளே கம்பி துருப்பிடித்து, பழுப்புக் கறை இறங்கியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சிலுவையக்கா சுரண்டி வெள்ளை அடிப்பாள். அடுத்த மழையில் மறுபடியும் பூக்கும்.

ஆறு வருடம் முன்பு ஒரு இரும்புத் தடி சரிந்து அண்ணன் இடுப்பில் விழுந்தது. அதோடு வேலை போயிற்று. குனிய முடியாது, எடை தூக்க முடியாது. காசிமேட்டில் மீன் எடுத்து அங்கேயே உட்கார்ந்து விற்று, அக்காதான் குடும்பத்தை ஓட்டினாள். அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்து சுவரையும் தளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அடுப்புக்கரியை எடுத்து, ஈரம் நின்ற ஓரமாக ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. உப்புத் திட்டுக்குள் கவிழ்ந்த கட்டுமரமும் அதைப் பிடித்துத் தொங்கும் மூன்று பேரும் அதுவரை ஒளிந்துகொண்டிருந்ததுபோல வெளியே வந்தார்கள். இல்லாததை அவர் வரையவே மாட்டார். சுவர் எதைக் கொடுக்கிறதோ அதன் விளிம்பில் கரியை ஓட்டுவார்.

மயிர்க்கூச்செறிந்தது எனக்கு, பொய் சொல்லவில்லை. செல்போனில் படம் எடுத்து நாலு இடத்தில் போட்டேன். ஊர் பார்த்தது. நகரத்தில் ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிற எழில்மொழி என்கிற பெண் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல பெண். சுவருக்கு முன்னால் நின்று அழுதேவிட்டாள். போகும்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, தயவுசெஞ்சு இதுல எதையும் மாத்திடாதீங்க. வெள்ளை அடிச்சிடாதீங்க. இந்தச் சிதைவுதான் உங்க மொழி" என்றாள்.

"கேட்டியா நைனா?" என்றார் அண்ணன் என்னிடம், அவள் போன பிறகு. "செதைவு தான் என் மொழியாம்! நான் இத்தினி நாளா தமிழுன்னு நெனச்சிகினு கீறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஆணி அடிக்க விடவில்லை. குழாய் சொட்டினால் சொட்டட்டும், கதவு இறங்கினால் இறங்கட்டும். அந்த வருடப் பொங்கலுக்கு அக்கா சுண்ணாம்பு வாளியோடு வந்தபோது சுவருக்கும் அவளுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் சகித்துக்கொண்டவள்தான் சிலுவையக்கா. ரேச்சல் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்ததும் சகிப்பு முடிந்தது.

ரேச்சல் ஒரே பெண். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற சைமனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனுக்கும் ஒரே சட்டம். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பெண்ணை அழைத்து வரவேண்டும். சைமனின் அம்மா வாயாடி. மீன் ஏலத்தில், நாலு பேர் நடுவில், அக்காவிடம் கேட்டுவிட்டாள்: "செவுத்த பாக்க டிக்கெட்டு போடுறீங்களாமே. அந்த இடிஞ்ச வூட்டுலயா எம்மருமவ புள்ள பெக்கணும்? இப்பவே சொல்லிடு, நாங்களே வச்சிக்கிறோம்."

அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எம்பொண்ணு எங்க வூட்டுலதான் பெப்பா. வந்து பாரு, வூடு எப்பிடி கீதுன்னு" என்றாளாம். சொல்லிவிட்டாள். இனி அந்தச் சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும்.

மதார் சாகிப் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்தாள். நான்கு மூட்டை சிமெண்டும் வந்து இறங்கியது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். வீடு என்பது ஒரு ஹால், பின்னால் ஒரு அடுப்படி, பக்கவாட்டில் மாடிப்படி. மதார் சாகிப் ஸ்டூல் மேல் ஏறி, சுத்தியல் பிடியால் ஹால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் 'டக் டக்'. நடுவுக்கு வந்ததும் 'டொப் டொப்'.

"கேட்டுச்சா தங்கச்சி? பானய தட்டுற மாதிரி கீது. கம்பி துரு ஏறி உப்பி, காரைய கீழ தள்ளிகினு கீது. மழைக்கு முன்னாடி இத்த ஃபுல்லா தட்டி எடுத்து, கம்பிய தேச்சி, புதுசா பூசிடணும்."

"பூசிடுங்க பாய். புள்ளத்தாச்சி வர்றா."

"பூசிட்டேன்னு வையி, அப்பால ஒரு பொட்டு கறை தெரியாது. பளிங்கு மாதிரி ஆயிடும்."

"ஒரு பொட்டும் தெரியாதா?" என்று கேட்டார் அண்ணன்.

"நான் கேரண்டி" என்றார் மதார் சாகிப், நெஞ்சில் கை வைத்து.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. எனக்குக் காரணம் தெரியும். 'டொப் டொப்' என்ற அந்த நடுவில்தான் அவருடைய பெரிய படம் வந்துகொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருக்கிற ஒரு கர்ப்பிணிப் பெண். முகம், கூந்தல், வயிற்று மேடு, கால், எல்லாம் உப்பும் துருவுமாக அச்சு அசலாக இறங்கியிருந்தது. வலது கை மட்டும் முழங்கையோடு நின்றுவிட்டது.

"இவ ரேச்சலுடா நைனா" என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "அந்த கை வந்து வவுத்து மேல குந்திச்சின்னா முடிஞ்சிது. ஒரே ஒரு மழ. அது போதும்."

கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவருக்குப் போன் போட்டு அடுத்த திங்கள் என்றார். அதற்கு அடுத்த வாரம் இடுப்பு வலி, கட்டிலை நகர்த்த முடியாது என்றார். மூன்று திங்கள் இப்படி டபாய்த்தார். மதார் சாகிப் மணலியில் வேறு வேலையை ஒப்புக்கொண்டு போய்விட்டார். வாசலில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகள் கடல் ஈரத்தில் இறுகி மூட்டை மூட்டையாகக் கல்லாகிவிட்டன. அண்ணன் அதன் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பார்.

மூட்டைகள் கல்லானதை அக்கா கண்டுபிடித்த அன்று மதியம் நடந்த சண்டையைக் குப்பமே கேட்டது. நான் கடையில் இருந்தபடியே கேட்டேன், பிறகு பொறுக்காமல் போய் நின்றேன்.

"யோவ், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உனுக்கு பொண்ணு முக்கியமா, பொம்ம முக்கியமா?"

"அவ தான்மே இவ. தோ, அண்ணாந்து பாரு. மூக்கு ஆரு மூக்கு?"

"மேல கீறவளுக்கு இடுப்பு நோவாது. கீழ வர்றவளுக்கு நோவும்."

"பொங்கல் வரைக்கும் பொறுமே. அந்த பொண்ணு ஜனவரில கண்காட்சி வச்சிகினு கீது. இங்கயே வூட்டுக்கே வந்து பாப்பாங்களாம். அது முடியட்டும், நீ இன்னா வேணா பூசிக்கோ."

"கொழந்த உன் கண்காட்சிய கேட்டுகினா வெளிய வரும்?"

"சிலுவ, நான் சொல்றத கேளு." அவர் குரல் இறங்கியது. "இருவது வருசம் கப்பல்ல கம்பி கட்டுனேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் பேரு இன்னான்னு கேட்டானா? 'ஏ லாஷிங், இங்க வா.' அவ்ளோதான். அப்பால இடுப்பு போச்சி, இந்த கட்டில்ல நாறிகினு கெடந்தேன். இந்த செவுரு தான் என்ன எழுப்பி உக்கார வச்சிது. இத்த பூசிட்டேன்னா நான் மறுபடி ஒண்ணியும் இல்ல."

"உன்ன எழுப்பி உக்கார வச்சது செவுரா?" என்றாள் அக்கா. "ஆறு மாசம் பீ மூத்தரம் அள்ளுனது ஆரு? செவுரா அள்ளுச்சி?"

அவர் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். அந்தச் சமயத்திலும் அவர் கண் அந்தக் கையைத்தான் தேடியது. எனக்கே அவரை ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது. விட்டிருந்தால் நான் மனுசன்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. மணலிப் பக்கமிருந்து கந்தக வாடைதான் வந்ததே தவிர ஒரு தூறல் இல்லை. எழில்மொழி போன் மேல் போன். டிசம்பர் முதல் வாரம் ஆள் கூட்டிவருகிறாளாம், அதற்குள் படத்துப் பெண் முடிந்துவிடுவாளா என்று கேட்டாள். கண்காட்சிக்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் 'படங்கள்: பாஸ்கர்' என்று என் பெயர் அச்சாகும் என்றும் சொன்னாள். ஊரான் அஞ்சலி போஸ்டரில் 'இவண்' போட்டே காலத்தை ஓட்டியவன் நான். என் பெயர் புத்தகத்தில் வரும் என்றதும் புத்தி கெட்டுவிட்டது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தார். அக்கா காசிமேட்டில் இருக்கிற நேரம்.

"நைனா, ஒரு உதவி. ரெண்டு கொடம் தண்ணி மாடில ஊத்தணும். எனுக்கு தூக்க முடியாது."

"இன்னாத்துக்குண்ணா?"

"மழ வரல. நாம வர வைப்போம்." குழந்தைபோலச் சிரித்தார். "நல்ல தண்ணிய ஊத்துனா சிலுவ கொன்னுடுவா. லாரி தண்ணிக்கி எவ்ளோ நேரம் வரிசைல நிக்கிறா, பாவம். கடல் சும்மா தானே கீது? அதுல உப்பும் கீது. பூ சீக்கிரம் பூக்கும்."

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

நான் தூக்கினேன். பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். பாறைகளுக்கு நடுவே இறங்கி மொண்டு, சாலையைக் கடந்து, பதினாறு படி ஏறி, தளத்தில் வெடிப்பு ஓடிய இடமாகப் பார்த்து ஊற்றினேன். கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணன் குரல் கொடுப்பார்: "இன்னும் கொஞ்சம் கெழக்கால... ஆங், அங்கதான்." நாலாம் நாள் முழங்கைக்குக் கீழே ஒரு விரல்கடை அளவு வளர்ந்திருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். எத்தனை குடம் என்று நான் எண்ணவில்லை.

கார்த்திகை பிறந்து அக்கா கட்டுச்சோறு கொண்டுபோனாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, வறுத்த வஞ்சிரம், ஒரு கூடை வளையல். ரேச்சலை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெண் நன்றாகப் பூரித்திருந்தாள். வந்ததும் தளத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னா நைனா, எனுக்கு மூக்கு இவ்ளோ பெருசாவா கீது?" என்று அப்பாவிடம் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா அவளை அங்கே நிற்கக்கூட விடவில்லை. அடுப்படியைக் கழுவித் துடைத்து, பாதி இடத்தில் பாய் போட்டு, "நீ இங்கதான் படுக்கணும். ஹால்ல தல வச்சி படுத்த, காலை ஒடிப்பேன்" என்றாள். கிழங்கான் மீன் குழம்பு வைத்து, முள் எடுத்து ஊட்டினாள். ரேச்சல் சாப்பிடுவதை அவள் பார்த்த பார்வையை எந்தச் சுவரும் கொடுக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை தாயும் மகளும் மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். கையில் விரல் மட்டும் பாக்கி என்றார் அண்ணன். "கடேசி கொடம் நைனா." ஊற்றினேன்.

மறுநாள் மதியம் அக்கா கடைக்கு வந்தாள். இலையில் மடித்து எனக்கும் இரண்டு துண்டு மீன் கொண்டுவந்திருந்தாள்.

"பாஸ்கரு, நீ படிச்சவன். ஒண்ணு கேக்குறேன், சொல்லு. காலைல ரேச்சலு ஹால்ல குந்தி தலை வாரிகினு இருந்தா. மேல இருந்து ஒரு சொட்டு அவ ஒதட்டுல வுழுந்துச்சி. 'யம்மா, உப்பு கரிக்குதும்மா'ன்னா. நானும் வெரலால தொட்டு நாக்குல வச்சி பாத்தேன். கடல் தண்ணி. நான் பொறந்ததுலர்ந்து குடிச்ச தண்ணி, எனுக்கு தெரியாதா? மழயே பேயல. மாடில இருந்து எப்பிடி கடல் ஒழுவுது?"

மீன் துண்டு என் கையில் இருந்தது. இன்னும் சூடாக இருந்தது.

"கடல் மணல் போட்ட வூடு தானேக்கா" என்றேன். "பனிக்கு ஈரத்த இழுக்கும். பழைய உப்பு கசியுது. வேற ஒண்ணியும் இல்ல."

"நெசமா?"

"நெசமாக்கா."

"மழ வர்ற மாதிரி கீது. வந்தா சாக்கடை எதிர்த்துகினு அடுப்படிக்குள்ள தண்ணி ஏறிடும். வருசா வருசம் ஏறுது. அப்ப இவள ஹால்லதான் படுக்க வெக்கணும். மேல ஒண்ணும் ஆவாதுல்ல?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. டிசம்பர் முதல் வாரத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"ஒண்ணும் ஆவாதுக்கா. நான் சொல்றேன்ல" என்றேன்.

அவள் என் தலையைத் தொட்டு, "நீ சொன்னா சரி" என்று போய்விட்டாள். மீனைத் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. லாரிகள் சக்கரம் முங்க நின்றன. அக்கா சொன்னபடியே சாக்கடை எதிர்த்து அடுப்படிக்குள் ஏறியது. ரேச்சலை ஹாலுக்கு, அண்ணனின் கட்டிலுக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார். ஓடினார், அந்த இடுப்போடு.

"வந்துருச்சி நைனா! அஞ்சி வெரலும்! வவுத்து மேல வந்து குந்திகினு கீது! செல்ல எடுத்துகினு வா!"

நான் ஷட்டரை இறக்கிவிட்டுக் குடையோடு போனபோது மணி பதினொன்று இருக்கும். வாசலில், அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ரேச்சல் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பொலபொலவென்று மண் உதிரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் அவகாசம். அக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இடது கையால் மகளைச் சுவர் பக்கமாகத் தள்ளி, வலது கையை அவள் வயிற்றின் மேல் வைத்தாள்.

பாதித் தளம் இறங்கியது.

தூசி அடங்கியபோது ரேச்சல் அலறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. மகள் வயிற்றிலிருந்து நழுவி, கட்டில் சட்டத்துக்கும் கான்கிரீட் பாளத்துக்கும் நடுவில் அக்காவின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. "புள்ள அசையிதா பாரு, புள்ள அசையிதா பாரு" என்று அதையே சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை மணியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆதார் கார்டு கேட்டார்கள் என்று நான் வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்தேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று பின்தங்கிய அண்ணன் வீட்டிலேயே இருந்தார். ஹாலில் சாக்கு விரித்து, விழுந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொண்டிருந்தார். சில துண்டுகள் இன்னும் சிவப்பாக ஈரமாக இருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு துண்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"கை ஒடயல நைனா. முழுசா கீது."

எந்தக் கை என்று ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு என்ன செய்ய?

ரேச்சலை அன்றைக்கே சைமன் அழைத்துப் போனான். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது, காசிமேட்டில். அக்கா கட்டுப் போட்ட கையோடு பார்க்கப் போனாள். சைமனின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "கொன்னுட பாத்தீங்களே. இனிமே அந்த வூட்டு வாசப்படிய எம்பேத்தி மிதிக்காது. நீயும் இங்க வராத" என்றாளாம். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம். அக்கா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு கையால் மீனைப் பிடித்து அதே கையால் எப்படிச் செதிள் உரிப்பது? அவளுடைய இடத்தில் வேறு ஒருத்தி கூடை வைத்துவிட்டாள்.

எழில்மொழி வந்தாள், பழத்தோடு. அக்காவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள். அக்கா எழுந்துபோய் இடது கையால் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"இப்ப எறங்குது பாரு தண்ணி" என்றாள் அக்கா.

கண்காட்சியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. அண்ணன் ஒட்டவைத்த துண்டுகளை எழில்மொழி போகும்போது குனிந்து பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். அக்காவும் கவனித்தாள்.

போன வாரம், சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். கடையில் ஒருவனுக்குப் பட்டா நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றாள். இடது கையில் பச்சைக் குடம்.

"கடய சாத்து. வா" என்றாள்.

"எங்கக்கா?"

"கடலுக்கு."

குடத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். பாறைகளுக்கு நடுவே நான் எந்த இடத்தில் இறங்கி மொள்வேனோ, சரியாக அந்த இடத்தில் நின்றாள்.

"அந்த மனுசனால ஒரு சொம்ப தூக்கிகினு ரெண்டு படி ஏற முடியாது. ஆஸ்பத்திரில மல்லாக்க படுத்துகினு யோசன பண்ணேன். மேல கடல் தண்ணி எப்பிடி ஏறிச்சி? அதுக்கு காலு கீதா? இருந்தா அது ஆரு காலு?"

"அக்கா..."

"மொள்ளு."

மொண்டேன். சாலையைக் கடந்தோம். லாரிக்காரன் ஒருவன் ஒற்றைக் கைக்காரிக்கு வழிவிட்டு நின்றான். அவள் முன்னால், நான் பின்னால், பதினாறு படி ஏறினோம். மாடியில் பாதி ஓட்டையாக இருந்தது. துருக்கம்பிகள் குறுக்கே ஓடின. அதன் வழியாகக் கீழே ஹால் தெரிந்தது. மீதித் தளத்துக்கு நேர் கீழே அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார்.

"நான்தான் அங்க படுக்க சொன்னேன்" என்றாள். "மீதி பொம்ம காஞ்சி போச்சி. ஊத்து."

"வேணாங்கா. வுழுந்துரும். ஆளு செத்துருவாருக்கா."

"அன்னிக்கி எம்பொண்ண படுக்க வெக்கலாமான்னு உன்ன வந்து கேட்டேனே, இன்னா சொன்ன? ஒண்ணும் ஆவாதுக்கா, நான் சொல்றேன்லன்ன. அதயே இப்பவும் சொல்லு."

நான் குடத்தை இறக்கி வைக்கப் பார்த்தேன். அவள் மொட்டைக் கையால் என் தோளைத் தள்ளினாள். தோல் இன்னும் இளஞ்சிவப்பாக, முண்டு முண்டாக இருந்தது. என் மேல் பட்டது.

"சொல்லுடா."

அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் ஏதாவது இளகுகிறதா என்று பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இளகியதுபோலத்தான் இருந்தது. குடத்தின் மேல் வைத்திருந்த இடது கையைக்கூட எடுத்துவிட்டாள்.

அப்போது கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. உற்சாகமாக, பழைய மாதிரியே.

"நைனா, நீயா? வந்துட்டியா? கால் பக்கமா ஊத்து. அங்க ஒரு கொழந்த தெரியிது."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"கேட்டியா?" என்றாள். "ஊத்து."

ஊற்றினேன்.